பையனை யாரிடம் காட்டுவது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகனுக்கு ஏழு வயது. ஓராண்டாகச் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. வீட்டுப்பாடம் எழுத உட்காரவைத்தால், பென்சில் பெட்டியைத் தரையில் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் எடுத்துவைத்தால் மறுபடியும் தள்ளுகிறான். அப்பாவிடம் இப்படிச் செய்வதில்லை, பாட்டியிடமும் செய்வதில்லை, என்னிடம் மட்டும்தான்.

என் கணவர் உதவாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் முழுதாகச் செய்யத் தெரியாதவர். குளிப்பாட்டினால் தலையைச் சரியாகத் துவட்ட மாட்டார். பள்ளிப் பையில் பாதிப் புத்தகங்களை வைக்க மறந்துவிடுவார். எல்லாவற்றையும் நான் இரண்டாம் முறை செய்ய வேண்டியிருப்பதால், இப்போது முதலிலேயே நானே செய்துவிடுகிறேன். மாமியாரோ, "நாங்களெல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்கிறார். குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்து, கொஞ்சியும் கண்டித்தும் பார்த்துவிட்டேன். வேலை முடிந்து வந்தால், வாசலில் சாவியைக் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன், சில நாட்களில் அப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது, அதை விடுங்கள். உள்ளே போனால் அதே பென்சில் பெட்டி, அதே பிடிவாதம். நான் அவனுக்கு என்ன குறைவைத்தேன்? அவனை யாரிடம் காட்டுவது, எத்தனை நாளில் சரியாகும்?

— ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் முழுவதும் மகனைப் பற்றியது. என்னை நிறுத்தியதோ, போகிற போக்கில் எழுதி, "அதை விடுங்கள்" என்று நீங்களே மூடிவிட்ட அந்த வாக்கியம். மன்னியுங்கள், அதை நான் விடுவதாக இல்லை. பிள்ளைமேல் வைத்த பாசம் வற்றிவிட்டதோ என்ற பயத்தில்தான் அதை அவ்வளவு அவசரமாகக் கடந்து போனீர்கள் என்று நினைக்கிறேன்.

பெல்ஜிய உளவியலாளர்களான இசபெல் ரொஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒரு நிலைக்கு 'பேரன்ட்டல் பர்ன்அவுட்' என்று பெயர். பெற்றோர் அயர்ச்சி என்று சொல்லலாம். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, பிள்ளையோடு இருப்பதில் முன்பிருந்த மகிழ்ச்சி மறைவது, செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே மனத்தால் விலகிப்போவது, "நான் இப்படிப்பட்ட அம்மாவாக இருக்கவில்லையே" என்று தன்னையே அந்நியமாகப் பார்ப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணம் இதோடு சேர்ந்து வருவதையும் அவர்களுடைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எனவே அந்த எண்ணத்தைப் பாவமாகச் சுமக்காதீர்கள். அது நீங்கள் இருப்பையெல்லாம் செலவழித்துவிட்டதன் அறிகுறி.

இப்போது அந்தப் பென்சில் பெட்டி. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய்மார்களைச் சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, தனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் காட்டித் தாயை மீட்கப் பார்த்தது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. உங்கள் மகன் கைக்குழந்தை இல்லை. ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்பெழுதவும் கூடாது. ஆனால் பெட்டியைத் தள்ளியவன் பெட்டியைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்று எழுதியவர் நீங்கள்தான். வாசலில் பத்து நிமிடம் நின்று திரட்டிக்கொண்ட பலத்தோடு உள்ளே வரும் முகம் அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவிடமும் பாட்டியிடமும் அவன் இதைச் செய்யாததற்கு, அவர்களிடம் அவன் எதையும் தொலைக்கவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் நான் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. கணவருக்கு முழுதாகச் செய்யத் தெரியாது என்கிறீர்கள். அவர் துவட்டிய தலையை அவர் கண்ணெதிரே மறுபடியும் துவட்டினால், அந்த மனிதர் எப்போது கற்றுக்கொள்வார்? உங்களுக்குக் கை கொடுக்க ஆள் இருந்தும், அந்தக் கையை நீங்களே தட்டிவிடுகிறீர்கள். குறையே இல்லாத பெற்றோராக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்த அயர்ச்சிக்குக் கொண்டுபோய்விடும் காரணங்களில் ஒன்று. தலை கொஞ்சம் ஈரமாக இருக்கட்டும். ஒரு நாள் புத்தகத்தை மறந்து பள்ளிக்குப் போகட்டும். மாலை வீட்டுப்பாடத்தைச் சில வாரங்கள் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு அறையில் இருங்கள். ஒப்படைப்பதற்கு முன், புகார் எதையும் சேர்க்காமல், வாசலில் நிற்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

யாரிடம் காட்டுவது என்று கேட்டீர்கள். முதலில் நீங்கள் உங்களைக் காட்டுங்கள். மனச்சோர்வு நோயும் ஏறக்குறைய இதே உருவில் வரும் என்பதால், மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ நேரில் பார்த்துப் பிரித்தறிவது அவசியம். மகன்மேல் கை ஓங்கும் நிலை வந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மகனுக்குத் தனியாக உதவி தேவையா என்பதை அதன்பின் சேர்ந்தே முடிவு செய்யலாம். முதல் சந்திப்புக்கு அவனை அழைத்துப் போக வேண்டாம். இந்தக் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள். "அதை விடுங்கள்" என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு, அங்கிருந்து பேசத் தொடங்குங்கள்.