நித்திரையில் நடந்துபோய் ஒருவரைக் கொன்றால் அது குற்றமா?

இந்தக் கேள்வி வந்தால் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு, கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோவில் நடந்தது.

1987 மே 24 அதிகாலை. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் கெனத் பார்க்ஸ் என்ற 23 வயது இளைஞர் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தார். அப்படியே எழும்பி, காரை எடுத்து, 23 கிலோமீற்றர் ஓட்டி ஸ்காபரோவில் இருந்த மாமனார் வீட்டுக்கு வந்தார். மாமியாரைக் கத்தியால் குத்திக் கொன்றார். மாமனார் படுகாயத்தோடு தப்பினார். அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய், ஆட்களைக் கொன்றுவிட்டேன் என்று தானே சொன்னார். கைகளில் தசைநாண்கள் அறுந்திருந்தன. வலி தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

முதல்முறை வாசித்தபோது, கார் ஓட்டியவன் எப்படி உறக்கத்தில் இருந்திருப்பான் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் என் தம்பியை நினைத்தால் அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக இல்லை. ஊரில் இருந்தபோது அவனுக்கு எட்டு வயது. ஒருநாள் சாமத்தில் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். அம்மா ஓடிப்போய்ப் பிடித்தபோது கண் திறந்துதான் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் பார்வை அம்மாவிடம் வரவில்லை. விடிந்ததும் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. அன்று முதல் அம்மா தன் சேலைத் தலைப்பை அவன் காலில் முடிந்துவிட்டுத்தான் படுப்பார். அவன் கிணற்றில் விழுந்திருந்தால், தானாக விழுந்து சாக நினைத்தான் என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கை செய்த வேலையை மட்டும் பார்த்து அது தண்டிப்பதில்லை. அந்தக் கையை அசைத்தது அவனுடைய விருப்பமா என்று பார்க்கிறது. விருப்பமே இல்லாத அசைவு என்றால், கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கே போகத் தேவையில்லை.

சரி, அப்படியென்றால் எந்தக் கொலைகாரனும் 'நான் உறக்கத்தில் இருந்தேன்' என்று சொல்லித் தப்பலாமே? அவ்வளவு எளிதில் முடியாது. பார்க்ஸ் குடும்பத்தில் பலருக்கு உறக்கக் கோளாறுகள் இருந்தன. அவருடைய மூளை அலைப் பதிவு வழமைக்கு மாறாக இருந்தது. அவர் குதிரைப் பந்தயத்தில் பணத்தைத் தொலைத்து, வேலை செய்த இடத்தில் ஏறத்தாழ 30,000 டொலர் திருடி மாட்டியிருந்தவர். ஒழுங்காக உறக்கமும் இல்லை. உறக்கக் குறைவும் மன அழுத்தமும் இந்தக் கோளாறைத் தூண்டிவிடும். மாமியாரோடு அவருக்குப் பகை எதுவும் இருக்கவில்லை, நல்ல பாசம் இருந்தது. சாட்சி சொன்ன உறக்க நிபுணர்கள் இது உறக்கத்தில் நடந்ததுதான் என்றார்கள். 1988இல் ஜூரி விடுதலை செய்தது. 1992இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் அரிசோனாவில் ஸ்கொட் ஃபலேட்டர் வழக்கு. 1997இல் மனைவியை 44 தடவை குத்தினார். அவரும் உறக்கத்தில் நடந்தேன் என்றே சொன்னார். ஆனால் அவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, மனைவியை இழுத்து நீச்சல் குளத்தில் அமுக்கியதை அயலவர் பார்த்திருந்தார். கத்தியும் இரத்தம் பட்ட உடுப்பும் அவருடைய காரில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. ஜூரி நம்பவில்லை, ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒருவர் ஒளிக்கிறார், மற்றவர் அறுந்த கையோடு பொலிஸுக்குப் போகிறார். எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது விடுதலைக்குப் பிறகு என்ன என்பதுதான். இங்கிலாந்தில் பர்ஜஸ் என்பவர் உறக்கத்தில் அயல்வீட்டுப் பெண்ணைத் தாக்கினார். 1991இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், காரணம் அவருக்கு உள்ளிருந்தே வந்தது என்பதால் அதைச் சட்டப்படி சித்தசுவாதீனம் இன்மை என்றது. குற்றவாளி இல்லை, ஆனால் காவலுள்ள மருத்துவமனை. பார்க்ஸின் விடுதலையோ அடுத்த வருடம் எந்த நிபந்தனையும் இல்லாமல் உறுதியானது. ஒரே கோளாறு, இரண்டு நாடுகள், இரண்டு முடிவுகள்.

பைத்தியம் என்ற முத்திரை இவர்களுக்குப் பொருந்தாது என்பதே என் எண்ணம். என் தம்பியை யாரும் அப்படிச் சொல்ல நான் விடமாட்டேன். ஆனால் ஒரு உயிர் போன பிறகு, இனிப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்காமல் அனுப்புவதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்க்ஸ் வழக்கில் தலைமை நீதிபதி லமேர் இதே கவலையோடு, நிபந்தனை விதிக்கலாமா என்று பார்க்க வழக்கை விசாரணை நீதிபதிக்குத் திருப்பி அனுப்பலாம் என்றார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. பின்னால் 1999இல் அதே உச்ச நீதிமன்றம் தந்த ஸ்டோன் வழக்குத் தீர்ப்பு, தன் செயல் தன் விருப்பத்தில் நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேலேயே வைத்தது. ஆகவே இன்று கனடாவில் பார்க்ஸைப் போல வெளியே வருவது கடினம்.

லமேர் சொன்னதைத்தான் நான் ஏற்கிறேன். அம்மா தம்பியை அடிக்கவும் இல்லை, அறைக்குள் பூட்டி வைக்கவும் இல்லை. சேலையை மட்டும் முடிந்துவிட்டார்.