இந்தியாவில் பிறந்த ஒரு பெண் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போக முடியுமா? பிரமிளா ஜெயபால் எந்த வழியில் போனார்?

முடியும். சட்டம் கேட்பது மூன்றே விஷயம்: 25 வயது, குடியுரிமை பெற்று 7 வருடம், அந்த மாநிலத்தில் வசிப்பு. முதல் இரண்டும் பதவியேற்கும் நாளில் நிறைந்திருந்தால் போதும் என்பது சபையின் வழக்கம். வசிப்பு மட்டும் தேர்தல் நாளன்றே இருக்க வேண்டும். தொகுதிக்குள்தான் வீடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செனட்டுக்கு 30 வயது, 9 வருடம். ஜனாதிபதி பதவிக்கு மட்டும் பிறப்பாலேயே குடியுரிமை வேண்டும். கமலா ஹாரிஸ் ஓக்லண்டில் பிறந்தவர் என்பதால் அவரால் போட்டியிட முடிந்தது. சென்னையில் பிறந்த பிரமிளாவால் முடியாது.

அந்த 7 வருடம் பெரிய விஷயமில்லை. அதற்கு முந்தைய வருடங்கள்தான் ஆளைச் சாப்பிடும். பிரமிளா 1982-ல், 16 வயதில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தனியாகப் போனார். குடியுரிமை கிடைத்தது 2000-ல். இந்தப் பதினெட்டு வருடத்துக்குள் கிரீன் கார்டை ஒருமுறை பறிகொடுக்கவும் செய்தார். 1995-ல் ஓர் ஆய்வு நல்கையில் இரண்டு வருடம் தங்க இந்தியா வந்தவருக்கு, 1997-ல் மும்பையில் 27 வாரம்கூட நிரம்பாமல் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோகூட இல்லை. அந்த நிலையில் குழந்தையை விட்டுவிட்டு விமானம் ஏற முடியுமா? கார்டைக் காப்பாற்றத் திரும்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது. கணவர் அமெரிக்கர் என்பதால் மறுபடி உள்ளே வர முடிந்தது. ஆனால் குடியுரிமைக்கான வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது.

இன்றைக்கும் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் (குடிமகனை மணந்து அவரோடு சேர்ந்து வாழ்ந்தால் 3 வருடம்) கழித்துத்தான் குடியுரிமை. 5 வருடக் கணக்கில் குறைந்தது 30 மாதம், 3 வருடக் கணக்கில் 18 மாதம் உடல் அளவில் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. ஒரு வருடம் ஆகிவிட்டால் வாதாடவே இடமில்லை. 'ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதி) வாங்கிவிட்டேன், கவலையில்லை' என்பார்கள். அது கார்டைக் காப்பாற்றும், வருடக் கணக்கைக் காப்பாற்றாது. அதுவும் அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து சேர்ந்தபின் ஞாபகம் வந்து பயனில்லை.

இன்னொரு கண்ணி: ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் 'வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா' என்று கேட்பார்கள். குடிமகள் ஆகாத ஒருவர் மரியாதைக்குத் தலையாட்டினால்கூட, பின்னால் குடியுரிமை கேட்கும் என்-400 விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். வாக்கே போட்டிருந்தால் நாடுகடத்தல் வரை போகலாம்.

இனி அரசியல். பிரமிளா கட்சிக் கிளையில் ஏறி வந்தவர் இல்லை. முதலில் வால் ஸ்ட்ரீட், பிறகு எம்.பி.ஏ., அப்புறம் இதய டீஃபிப்ரிலேட்டர் (மின்னதிர்ச்சியால் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) விற்பனை, பிறகு சியாட்டிலில் பொதுச் சுகாதார வேலை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு முஸ்லிம்கள், அரபியர், தெற்காசியர் மீது வெறுப்புத் திரும்பியபோது 'ஹேட் ஃப்ரீ ஸோன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008-ல் அது 'ஒன்அமெரிக்கா' ஆயிற்று. சோமாலியர்களை நாடுகடத்துவதை எதிர்த்து அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் புதிதாகக் குடியுரிமை பெற்ற 23,000க்கும் மேற்பட்டவர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். என்னைக் கேட்டால், அவருடைய அரசியல் முதலீடு இதுதான். வேட்பாளராக நிற்கும் நாளில் கதவைத் தட்ட ஆள் தேவை. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கதவுகளைத் தட்டியவருக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

2014-ல் 37-ஆம் சட்டமன்றத் தொகுதியிலிருந்து வாஷிங்டன் மாநில செனட்டுக்குத் தேர்வானார். வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் பகுதிநேர சபை. ஒற்றைப்படை வருடத்தில் 105 நாள், இரட்டைப்படையில் 60 நாள். வேறு தொழில் பார்த்துக்கொண்டே அரசியல் பழக இது நல்ல பள்ளிக்கூடம்.

2016 தொடக்கத்தில், பிரதிநிதிகள் சபைக்கு ஆள் அனுப்பும் சியாட்டில் பகுதியின் ஏழாவது தொகுதியில், நெடுநாள் உறுப்பினர் ஜிம் மெக்டெர்மட் ஓய்வை அறிவித்தார். காலியான தொகுதி என்பது பத்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை வருவது. இந்த மாநிலத்தில் முதற்கட்டத் தேர்தலில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்பார்கள். கட்சி எதுவானாலும் முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். ஆகஸ்டில் பிரமிளா சுமார் 42 சதவீதம், பிரேடி வாக்கின்ஷா 21, ஜோ மெக்டெர்மட் 19. (இந்த ஜோ, ஓய்வு பெற்ற ஜிம்முக்கு உறவில்லை. பெயர் மட்டும் ஒன்று.) மூவரும் ஜனநாயகக் கட்சியினர். நவம்பரிலும் போட்டி ஒரே கட்சிக்குள்தான். 56 சதவீதத்தோடு ஜெயித்தார். சியாட்டில் மாதிரி ஒருபக்கம் சாய்ந்த ஊரில் எதிர்க்கட்சியைத் திட்டி வாக்கு வாங்க முடியாது, சொந்தக் கட்சிக்காரரிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட வேண்டும். பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் இந்திய வம்சாவளிப் பெண் அவர்தான்.

பணம். வாஷிங்டன் மாநிலத்தில் வேட்புமனுக் கட்டணம் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 1 சதவீதம், அதாவது 1,740 டாலர். வசூலோ செலவோ 5,000 டாலரைத் தாண்டினால் 15 நாளுக்குள் மத்தியத் தேர்தல் ஆணையத்தில் வேட்பாளராகப் பதிய வேண்டும். 2016-ல் தனிநபர் ஒரு தேர்தலுக்கு 2,700 டாலர் வரை தரலாம். முதற்கட்டம் தனி, நவம்பர் தனி. கிரீன் கார்டுக்காரரிடம் வாங்கலாம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பரிடமும், ஊரிலிருந்து ஆசையாய் அனுப்பும் சித்தப்பாவிடமும் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. குடியேறியவர்களின் பிரசாரத்தில் இது தெரியாமல் நடக்கக்கூடிய தவறு, ஏனென்றால் விருந்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் விசாவில் இருப்பவர்களாக இருப்பார்கள். நன்கொடைப் படிவத்திலேயே 'குடிமகன் அல்லது நிரந்தர வசிப்பாளர்' என்ற கட்டத்தை வைத்து, அதில் டிக் இல்லாத காசோலையை அன்றைக்கே திருப்பிவிடுவது நல்லது.