கறுவாத்தோட்டத்தில் பழைய நூலகம் எது?

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அடுத்த மாதம் ஹற்றனிலிருந்து வந்து எங்களோடு கொட்டாஞ்சேனையில் தங்கப்போகிறார். கொழும்பில் பழைய நூலகக் கட்டடம் ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். கறுவாத்தோட்டத்தில் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள பொது நூலகம்தானா அது? அங்கத்தவர் இல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? அவருக்கு முழங்கால் வலி, அதிகம் படியேற மாட்டார்.

பதில்: அப்பாவுக்குப் பழைய கட்டடம்தான் வேண்டும் என்றால், அது பொது நூலகம் அல்ல. கொழும்பு நூலகம், புறக்கோட்டை நூலகம் என்று முன்பிருந்த இரண்டையும் சேர்த்து 1925இல் பொது நூலகத்தைத் தொடங்கினார்கள். ஆகவே நிறுவனம் பழையது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் திறக்கப்பட்டதோ 1980இல். வாசிப்பதற்கு நல்ல இடம்; ஆனால் அப்பா எதிர்பார்க்கும் உயரமான தூண்களும் வளைவுகளும் அங்கே கிடையாது.

பொது நூலகம் இருக்கும் அதே சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் சற்றுத் தள்ளி, வெள்ளை வெளேரென்று நிற்கும் தேசிய நூதனசாலைக்கு (அருங்காட்சியகத்துக்கு) அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரித்தானிய ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரி காலத்தில் கட்டப்பட்டு, 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்து வரைந்தவர் ஜே.ஜி. ஸ்மிதர். கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார், முஸ்லிம் அரசியல் தலைவர் சேர் ராசிக் பரீதின் பாட்டனார். திறப்பு விழாவில் 'உமக்கு என்ன வேண்டும்?' என்று ஆளுநர் கேட்க, 'வெள்ளிக்கிழமைகளில் மூடி வையுங்கள், அது போதும்' என்றாராம் மரிக்கார். இந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, நூதனசாலை வெகுகாலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்தது மட்டும் உண்மை. கிரெகரியின் சிலை இன்றைக்கும் முன்புறத்தில் நிற்கிறது. மரிக்காருக்கும் அங்கே ஒன்று வைத்திருக்கலாம்.

அந்த வளவுக்குள்தான் நூதனசாலை நூலகமும் இருக்கிறது. 1870இல் தொடங்கிய அரசாங்கக் கீழைத்தேய நூலகத்தை உள்வாங்கி வளர்ந்தது இது. 1885க்குப் பிறகு இலங்கையில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி இங்கே வர வேண்டும் என்று சட்டமும் வந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சேறிய பழைய தமிழ் நூல்களைத் தேடுவோர் இங்கே வருவது அதனால்தான். ஏட்டுச்சுவடிகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை சிங்களம், பாளி, சமஸ்கிருதம், தமிழும் இருக்கின்றன.

உள்ளே விடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். இது இரவல் கொடுக்கும் நூலகம் அல்ல, அங்கேயே இருந்துதான் வாசிக்க வேண்டும். 'சும்மா பார்க்க வந்தோம்' என்றால் வாசலோடு திரும்ப வேண்டி வரலாம். எனவே அப்பா ஆசிரியராக இருந்த காலத்துப் பாடநூல் ஒன்றையோ, தேடிக் கிடைக்காத ஒரு நூலையோ, தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு சகிதம் துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நூலகர்களுக்கும் அப்போதுதான் உதவ வசதி. கேட்ட நூல் மேசைக்கு வருகிற வரைக்கும் அவர் ஆறுதலாக உட்கார்ந்து கட்டடத்தை வேண்டியளவு பார்க்கலாம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். நூலகம் திறக்கும் நேரமும் காட்சிக்கூடங்களின் நேரமும் ஒன்றல்ல; முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டு, வார நாள் ஒன்றில் காலையிலேயே போங்கள். போயா என்கிற பூரணை விடுமுறையும் மற்ற அரச விடுமுறைகளும் வேண்டாம்.

படியேற முடியாவிட்டால் மேல்மாடியை விட்டுவிடுங்கள், கீழ்த்தளமே போதும். பொலனறுவைக் காலக் கூடத்தில் நடராசர் வெண்கலமும் நாயன்மார் திருவுருவங்களும் உள்ளன. அதைவிட முக்கியம், காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டியது. பொறித்த ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும், தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனார் என்ற திருமாலையும் போற்றுகின்றன. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது, பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் கொஞ்சமாவது பிடிபடும். தமிழாசிரியர் என்றால் அந்தக் கல்லடியில் அரைமணி நேரம் நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள்.

நுழைவுச்சீட்டில் இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய விலை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினர் கூட வந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் என்றால் புறக்கோட்டைக்கு வந்து 138 எடுக்கலாம். டவுன்ஹோல் தாண்டியதும் நடத்துனர் 'லைப்ரரி, லைப்ரரி' என்று கூப்பிடுவார். அங்கே இறங்கினால் கொஞ்சத் தூரம் நடை. ஆனால் முழங்கால் வலி என்கிறீர்கள், ஓட்டோவே நல்லது. பொது நூலகத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் நூதனசாலையை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். பையை வாசலில் ஒப்படைத்துவிட்டு, பார்வையாளர் என்று மேசையில் சொல்லிக் கேளுங்கள்.