டிஎம்சி, கன அடி, அடி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காவிரிச் செய்தியில் ஒரு நாள் 'டிஎம்சி' என்கிறார்கள், மறுநாள் 'கன அடி', பிறகு வெறும் 'அடி'. மேட்டூர் 60 அடி என்றால் பாதி அணை நிறைந்ததாகக் கொள்ளலாமா? எங்கள் ஊர்க் கண்மாய் இந்தக் கணக்கில் எவ்வளவு வரும்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

60 அடியைப் பாதி என்று கொள்ளாதீர்கள். மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி). 60 அடியில் இருப்பது ஏறக்குறைய 25 டிஎம்சிதான். 100 அடிக்கு வரும்போது 65-ஐத் தொடும். பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிவதால், கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல் அடங்கிவிடுகிறது. 'நீர்மட்டம் ஓர் அடி உயர்ந்தது' என்பது 50 அடியில் ஒரு கணக்கு, 110 அடியில் வேறு கணக்கு. மட்டத்தோடு இருப்பையும் சேர்த்துப் போடும் செய்தியையே நம்புங்கள்.

ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக 2,830 கோடி லிட்டர். வைகை, கண்மாய்ச் செய்திகளில் வரும் 'மில்லியன் கன அடி' இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

டிஎம்சி தேங்கி நிற்கும் அளவு. அணையிலிருந்து நீர் திறப்பைச் சொல்லும் கன அடியோ வினாடிக்கு ஓடும் அளவு. பத்திரிகைகள் அந்த 'வினாடிக்கு' என்ற சொல்லை விட்டுவிடுவதுதான் குழப்பம் அத்தனைக்கும் வேர். இடத்தை மிச்சப்படுத்த அதை வெட்டுவது பெரும் பிழை. செய்தியே அதில்தான் இருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வினாடிக்கு 12,000 கன அடி நாள் முழுதும் ஓடினால் 1.04 டிஎம்சி போகும். திறப்பை 11,574-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கான டிஎம்சி கிடைத்துவிடும். திறப்பு இடையில் மாறியிருந்தால் மணிவாரியாகக் கூட்ட வேண்டும். காலை அளவை மட்டும் வைத்துப் பெருக்கினால் தப்பாகும்.

இனி உங்கள் கண்மாய். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நீர்ப்பரப்பு 100 ஏக்கர், மடையருகே ஆழம் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பெருக்கினால் 34.8 மில்லியன் கன அடி வரும். ஆனால் கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் தரை சரிந்து ஏறி ஆழம் ஒன்றுமில்லாமல் போகிறது. அதனால் பாதி, 17 மில்லியன், என்பதே அதிகபட்சம். அது 0.017 டிஎம்சி. மேட்டூரில் 12,000 கன அடி ஓடும்போது 24 நிமிடத்தில் போகிற தண்ணீர்!

ஊருணிக்கு இந்தப் பாதிக் கணக்கு ஒத்துவராது. நாலு பக்கமும் படிக்கட்டாக இறங்குவதால் மேல் பரப்பையும் அடிப் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி ஆழத்தால் பெருக்குங்கள். இரண்டிலும் பழைய ஆழத்தை எழுதிவிடாதீர்கள். வண்டல் மேடிட்டிருக்கும். கோடையில் வற்றிய பின், கலுங்கு (உபரி நீர் வழிந்தோடும் இடம்) மட்டத்திலிருந்து தரைவரை பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அந்தச் சராசரியை மேல் பரப்பால் பெருக்கினாலே போதும், மறுபடி பாதியாக்காதீர்கள்.