காசிமேட்டு ஏலமும் செபோலியா டெஸ்ட்நெட்டும்

அக்கா, போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகனும் வந்தபோது வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், பாதியிலேயே பேச்சை முடித்துக்கொண்டோம். மீதியை எழுதுகிறேன். தம்பியே உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். நடுவில் அவனுக்கென்றும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் உங்கள் பயம். "ராத்திரியெல்லாம் காயின், காயின்னு உட்கார்ந்திருக்கான், காசை விட்டுடுவானோ" என்று கேட்டீர்கள். அவன் லேப்டாப்பை நான் பார்த்தேன். அதில் ஓடிக்கொண்டிருந்தது செபோலியா. எத்தீரியம் என்ற பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்குப் புத்தகத்தில், புரோகிராம் எழுதுகிறவர்கள் பழகிப் பார்ப்பதற்கென்றே இருக்கும் டெஸ்ட்நெட் அது. அங்கே புழங்கும் ஈதர் என்ற காயினுக்குச் சந்தையில் ஒரு பைசா மதிப்பு கிடையாது. ஃபாசெட் என்று சொல்லும் தளங்களில் சும்மாவே கிடைக்கும். அதனால் இதுவரை உங்கள் வீட்டுக் காசு எதுவும் போகவில்லை. நிம்மதியாக இருங்கள்.

இனிமேலும் போகக்கூடாது. வேலை உறுதி என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் 35,000 ரூபாய் கேட்டதாகச் சொன்னீர்களே, அதைக் கட்டாதீர்கள். இந்தப் புரோகிராமை எழுதிப் பார்க்கும் ரீமிக்ஸ் என்ற தளம் பிரவுசரிலேயே திறக்கிறது, அதை எழுதும் சாலிடிட்டி மொழியின் கையேடும் இணையத்தில் இருக்கிறது, இரண்டுமே இலவசம். ஆரம்பத்தில் இருக்கிற பையனுக்கு இவை தாராளமாகப் போதும். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றீர்கள். கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

தம்பி, இனி உனக்கு. ஈதரைக் கையாளும் மெட்டாமாஸ்க் வாலட் தொடங்கும்போது 12 வார்த்தைகள் கொடுத்ததே, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாய். அழித்துவிடு. அந்த வார்த்தைகள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வாலட்டுக்குச் சொந்தக்காரர். இன்றைக்கு டெஸ்ட் ஈதர்தானே என்று அலட்சியம் பழகினால் நாளைக்கும் அதுவே வரும். பழகுவதற்குத் தனி வாலட் வைத்துக்கொள், நிஜக் காசை அதில் எப்போதும் போடாதே. சில ஃபாசெட்கள் வாலட்டில் கொஞ்சம் நிஜ ஈதர் இருந்தால்தான் தருவேன் என்னும். அதற்காக ஈதர் வாங்காதே. பிரவுசரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தருகிற ஃபாசெட்டும் உண்டு. அப்புறம், பழைய வீடியோக்களில் ராப்ஸ்டன், ரிங்கபி, கோர்லி என்று வேறு டெஸ்ட்நெட்கள் வரும். எல்லாம் மூடியாகிவிட்டது. அவற்றோடு மல்லுக்கட்டாமல் செபோலியாவிலேயே இரு.

எல்லாரும் செய்கிற மாதிரி சொந்தமாக ஒரு காயின் விட்டுக் காட்டாதே. காசிமேட்டில் விடிகாலையில் உன் அம்மா நிற்கிற மீன் ஏலத்தை ஒரு கான்ட்ராக்ட்டாக, அதாவது பிளாக்செயினில் தானே ஓடும் புரோகிராமாக, எழுது. துறைமுகத்தில் வாயால் விலை கேட்டால் போதும். கான்ட்ராக்ட்டிலோ கேட்கும்போதே பணத்தையும் கட்டிவிட வேண்டும். முந்தைய விலையைவிட அதிகமாகக் கேட்டால்தான் ஏற்க வேண்டும், நேரம் முடிந்த பிறகு கேட்டால் மறுக்க வேண்டும். முதலில் ரீமிக்ஸுக்குள்ளேயே இருக்கிற ரீமிக்ஸ் விஎம் என்ற ஒத்திகை பிளாக்செயினில் ஓட்டு. அங்கே ஒவ்வொரு கணக்கிலும் 100 ஈதர் கிடக்கும். கணக்கை மாற்றி மாற்றி நீயே மூன்று வியாபாரியாக நின்று விலை ஏற்றிப் பார். சரியாக வந்த பிறகு செபோலியாவில் டிப்ளாய் செய், அதாவது ஏற்று. ஏறியபின் அந்தக் கோடில் ஒரு எழுத்தைக்கூட உன்னால் திருத்த முடியாது. ஈதர்ஸ்கேன் என்ற தளத்தில் உலகமே பார்க்கும்.

இதில் முக்கியமான இடம், விலை தாண்டிப் போனவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. கணக்கில் அவர் பாக்கியை முதலில் பூஜ்யமாக்கு, அப்புறம் பணத்தை அனுப்பு. அனுப்பிவிட்டுக் கணக்கை அழித்தால் என்ன ஆகும்? வாங்குகிறது இன்னொரு கான்ட்ராக்ட்டாக இருந்தால், கணக்கு அழிவதற்குள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கும். 2016 ஜூனில் தி டாவ் என்ற கான்ட்ராக்ட்டிலிருந்து ஏறக்குறைய 36 லட்சம் ஈதர் இப்படித்தான் போனது. அந்த ஓட்டையை வேண்டுமென்றே விட்டு ஒரு ஏலம் எழுது, நீயே அதைக் கொள்ளையடி, பிறகு அடைத்துக் காட்டு. வேலைக்கு எடுக்கிறவர், நீ கோடைப் போட்டுவைக்கும் கிட்ஹப் பக்கத்தைத் திறந்தால், பத்து சான்றிதழைவிட இது உன்னைப் பற்றி அதிகம் சொல்லும்.

வேலை பற்றி உங்கள் இருவருக்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிளாக்செயினை மட்டும் நம்பி, படித்து முடித்ததும் வேலை என்று கணக்குப் போடாதீர்கள். புதியவர்களுக்கு அந்த இடங்கள் குறைவு, சந்தை சரிந்தால் இன்னும் குறையும். ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மூன்றும் கைவசம் இருந்தால் சாதாரண சாஃப்ட்வேர் வேலைக்கும் கதவு திறந்திருக்கும். ஏலத்துக்கு ஒரு வெப் பக்கம் செய்யவும் அதே ஜாவாஸ்கிரிப்ட்தான் வேண்டும். பிசிஏ கடைசி வருடத்தில் இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது தம்பி. வாரத்தில் ஐந்து ராத்திரி அதற்கு, சனி ஞாயிறு செபோலியாவுக்கு.

அக்கா, அவன் ஏலத்தை எழுதும்போது உங்களிடம் வந்து கேட்பான். இரண்டு பேர் ஒரே விலை கேட்டால் யாருக்கு, கேட்டவர் பின்வாங்கினால் என்ன செய்வார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுங்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை லேப்டாப்போடு இரண்டு பேரும் வாருங்கள். கான்ட்ராக்ட்டில் அவன் வைத்திருக்கிற விதி சரியா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.