கூடப் படிப்பவர்கள் செய்தால் ராகிங் ஆகாதா?

கேள்வி: என் தம்பி பொறியியல் இரண்டாம் ஆண்டு, கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனுடைய நிறத்தையும் ஊர்ப் பேச்சையும் கிண்டல் செய்து, அவன் வகுப்பு மாணவர்கள் சிலர் மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உடை மாற்றும்போது வீடியோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். வார்டனோ, “சீனியர் செய்தால்தான் ராகிங், இது பசங்க விளையாட்டு” என்கிறார். பிரச்சினை முடிந்துவிட்டதாக எழுதித் தரவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், எதையும் எழுதித் தர வேண்டாம். நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் உங்களுக்கு எதிராக நீட்டப்படும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

வார்டன் சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து வந்தது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ஒரு மாணவருக்கு உடலிலோ மனதிலோ தீங்கு, பயம், அவமானம் உண்டாக்கும் நடத்தையைத்தான் அது ராகிங் என்கிறது. செய்தவர் எந்த ஆண்டு படிக்கிறார் என்ற கேள்வியே அதில் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் இன்னும் தெளிவானவை. நிறம், சாதி, பிறந்த ஊர், மொழி, பொருளாதார நிலை போன்றவற்றை வைத்து ஒருவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான் என்று 2016 திருத்தம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் முதலாண்டு மாணவராக இருக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே வார்டனை விடுங்கள். உங்கள் தம்பி கல்லூரி முதல்வரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கட்டும். முதல்வர் உடனே விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் ராகிங் செய்தவர்களை சஸ்பெண்ட் செய்தாக வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தையானவர் என்று தமிழ்நாட்டுச் சட்டம் கருதுகிறது. இந்த வரியைப் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள். வேலை வேகமாக நடக்கும். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-லும் புகாரைப் பதிவு செய்யலாம். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அதோடு கல்லூரியிலிருந்து நீக்கம்.

வீடியோ தனி விவகாரம். உள்ளாடையோடு இருக்கும் அந்தரங்கப் பகுதியைச் சம்மதமில்லாமல் படமெடுத்துப் பரப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு பாயும். 3 ஆண்டு வரை சிறை உண்டு. (யாராவது, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதற்கான 66ஏ (66A) பிரிவு என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இலேயே ரத்து செய்துவிட்டது.) தம்பி ஆத்திரத்தில் குழுவை விட்டு வெளியேறவோ, போனை அழித்துப் புதிதாக்கவோ கூடாது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போட்டார் என்பது தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் அந்தப் போன் பத்திரமாக இருப்பது முக்கியம்.

கல்லூரி விசாரணை முடியட்டும் என்று காவல் நிலையத்துக்குப் போகாமல் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.