கூத்து வீடியோவில் புள்ளி புள்ளியாக வருகிறதே?

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை வீடியோ எடுத்தேன். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ், நன்றாக ஜூம் செய்து, நொடிக்கு 50 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/125 நொடி. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா ஏற்றிக்காட்டும் அளவு) ஆட்டோவில் 12800 வரை போய்விட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தால் படம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள். ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுத்து, எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றினால் சரியாகுமா?
- ஒரு வாசகர், செய்யாறு

பதில்: ஆகாது, இன்னும் மோசமாகும். கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழுந்த வெளிச்சமே கொஞ்சம்தான் என்றால், அதை கேமராவில் ஏற்றினாலும் எடிட்டிங்கில் ஏற்றினாலும் புள்ளிகளும் கூடவே ஏறும். அதுவும் சாதாரண 8 பிட் (வெளிச்ச அளவுகளைக் குறைந்த படிகளில் பதியும்) வீடியோவில் இருட்டுப் பகுதியை கேமரா சுருக்கித்தான் சேமிக்கும். அதைப் பிறகு இழுத்தால் புள்ளி போதாதென்று கட்டம் கட்டமாகவும் உடையும். ஐஎஸ்ஓவைத் தொடுவதற்கு முன்னால் உள்ளே வரும் வெளிச்சத்தைக் கூட்டப் பாருங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றினால் இரண்டரை மடங்கு வெளிச்சம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட், மலிவான எல்இடி விளக்குகளில் ஓடும் பட்டைகளும் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்தது ஜூம். கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப் 5.6க்குச் சுருங்குகிறது, 18ல் எஃப் 3.5 கிடைக்கும். ஜூமை விட்டுவிட்டு களத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இன்னொரு இரண்டரை மடங்கு. இரண்டும் சேர்ந்து ஆறு மடங்குக்கு மேல், அதாவது 12800 கேட்ட இடத்தில் 2000 போதும், ஒரு ரூபாய் செலவில்லாமல்! ஸ்லோமோஷன் கிடைக்காது, வேகமாகச் சுழலும்போது கிரீடம் லேசாக இழுபடும். அது பரவாயில்லை, கண்ணுக்கு இயல்பாகவே தெரியும்.

ஆட்டோ ஐஎஸ்ஓவை நிறுத்திவிடுங்கள். பின்னால் இருப்பது கருப்பு வானம். கேமரா அதையும் வெளிச்சமாக்கப் பார்த்து ஐஎஸ்ஓவை ஏற்றுகிறது, முகமோ வெளுத்துப்போகிறது. மேனுவலில் வைத்து, வேஷக்காரர் கன்னத்து அரிதாரத்தின் சிவப்பு சிவப்பாகவே தெரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள். வானம் கருப்பாகவே கிடக்கட்டும். எடிட்டிங்கில் அந்தக் கருப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அங்கிருக்கும் புள்ளிகளில் பாதி கண்ணிலேயே படாது.

லென்ஸ் வாங்க முடிந்தால் 35 எம்எம் எஃப் 1.8 நல்லது, முழுக்கத் திறந்தால் எஃப் 5.6ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் ஆடுபவர் ஓரடி முன்னே வந்தாலே ஃபோகஸ் போய்விடும், அதனால் ஆட்டத்துக்கு எஃப் 2.8ல் வைத்துக்கொள்ளுங்கள். விழாக்காரர்களிடமும் கூத்து வாத்தியாரிடமும் முன்கூட்டியே கேட்டு ஒரு ஃபோகஸ் லைட்டைப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் அந்த விளக்கின் வெளிச்சம் நாலு மடங்காகும். தயவுசெய்து கேமரா மேல் எல்இடி மாட்டி அவர்கள் கண்ணில் அடிக்காதீர்கள், விடியும்வரை ஆட வேண்டியவர்கள் அவர்கள்.

எடுத்து முடித்ததற்கு, அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளியை நீக்கும் டெம்பொரல் முறை நல்லது. எடிட்டிங் மென்பொருளோடு சேர்க்கும் நீட் வீடியோ பிளக்-இன்னில் இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் கிடைக்கும். கலர் வேலைக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், அளவோடு செய்யுங்கள். அதிகமாக ஏற்றினால் முகத்தில் எழுதிய மெல்லிய கோடுகள் கரைந்துவிடும். அந்தக் கோடுகள் போவதைவிடக் கொஞ்சம் புள்ளி இருப்பதே மேல்.

கேள்வி: போனில் எடுத்தால்?

பதில்: 1எக்ஸ் மெயின் கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள், டெலி, அல்ட்ரா வைடில் பெரும்பாலும் சென்சார் சிறியது. 60 ஃபிரேம் வேண்டாம், 30 போதும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) லாக் செய்யுங்கள். அப்புறம் பக்கத்தில் போங்கள்.